அமர்நீதியார் துலையும் மெய்ச்செல்வமும்

செல்வம் என்னுஞ் சொல் உலக வழக்கிற் பொன், மணி, நிலம், நெல், ஆனிரை முதலியவற்றைக் குறித்து வருகின்றது. ஓரிடத்து நில்லாது செல்வதாகலிற் செல்வம் எனப் பெயர் பெற்றதென நயம்படக் கூறுவாரும் உளர். அங்ஙனமாயின், செல்லாது நிற்பதோர் செல்வம் உண்டோ? உண்டெனின் அஃது யாது? அதனைப் பெறுமாறு எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு நம் சமயச் சான்றோர் கூறும் விடை இரு திறப்பட்டது போலத் தோன்றும். பிறர்க்கு ஈதலே செல்வத்தின் பயன் என்பது ஒன்று. இறைவன் திருவடிக்குத் தம்மை ஒப்புவித்து நிற்றலே செல்வம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேறு வேறோ, அன்றி ஒரு பொருளின் இரு கூறோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றொழிவதன்று. நம்மிற் கொடை செய்வார் பலர் உளர். திருக்கோயிற் றிருப்பணிக்கும், மாகேசுர பூசைக்கும், பாடசாலைக்கும் அவர் வழங்குவன பல. ஆயினும் கொடுத்த பின்னரும் 'யாம் கொடுத்தேம்' என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்குவதில்லை. இனி, 'எல்லாம் சிவன் செயல்' என நாவாற் கூறி அடைக்கலம் பேசுவாரும் பலர். அவர்தம் வாயிலிற் பசித்தார் ஒருவர் வந்து நிற்பின், அப்பொழுது மட்டும் பெட்டகத்துத் திறவுகோல் தம் செயலாகவே இருத்தலைக் காண்கின்றோம். அடைக்கலம் இல்லாத கொடையும், கொடை இல்லாத அடைக்கலமும் ஆகிய இவ்விரண்டு நோய்க்கும் மருந்தாவது திருத்தொண்டர் புராணத்துள் ஒரு வரலாறு. அஃது அமர்நீதி நாயனார் வரலாறாம்.

வரலாறு

அமர்நீதியார் சோழநாட்டுப் பழையாறையில் வணிகர் குலத்துத் தோன்றியவர். பொன்னும் மணியும் துகிலும் பட்டும் பலவிடத்தினின்றும் வருவித்து, நெறி பிறழாது வாணிகஞ் செய்து பெருநிதியம் படைத்தவர். சிவனடியார்க்கு அமுதளித்தலும், அவர் குறிப்பறிந்து கந்தை, கீள், கோவணம் என்பவற்றை வழங்குதலும் அவர் மேற்கொண்ட தொண்டு. திருநல்லூர்த் திருவிழாக் காணச் சென்றவர், அத்தலத்தின்பாற் காதல் மிகுந்து, ஆண்டே அடியார்க்குத் திருமடம் ஒன்று அமைத்துச் சுற்றத்தோடு தங்கித் தம் பணியினைத் தொடர்ந்து செய்து வந்தார்.

அத்திருமடத்துக்கு இறைவன் ஒருநாட் பிரமசாரி வடிவந்தாங்கி எழுந்தருளினான். கையிலுள்ள தண்டிலே திருநீற்றுப் பையொன்றும் கோவணம் இரண்டும் கட்டப்பட்டிருந்தன. காவிரியில் நீராடப் புகும் அவர், மழை வரினும் வருமென்று கூறி, ஒரு கோவணத்தை அவிழ்த்து அமர்நீதியாரிடம் ஒப்புவித்து, 'இதனை எளிதாக எண்ணற்க, காத்துத் தருக' எனப் பணித்தேகினார். அமர்நீதியாரும் அதனைத் தனியிடத்துப் பேணி வைத்தார். வைத்தவிடத்தினின்றும் அது மறைந்தது. மழையில் நனைந்து மீண்ட பிரமசாரியார், 'தண்டிலுள்ளதும் ஈரமாயிற்று, யாம் தந்ததனைக் கொணர்க' என்றார். எங்குந் தேடியுங் காணாத வணிகர், புதியதொரு கோவணத்தைக் கையிலேந்தி வந்து பிழை பொறுக்குமாறு வேண்டினார்.

வந்தவர் வெகுண்டார். கோவணங் கொடுக்கும் வள்ளல் எனப் பலகாலும் உலகறியச் செய்தது எம் கோவணத்தைக் கவர்ந்து கொள்ளுதற்கோ, நும் வாணிகம் நன்றாயிருந்தது என இகழ்ந்தார். பட்டும் மணியும் எத்துணையேனும் தருவேன் என அவர் இரப்ப, பொன்னும் மணியும் எமக்கு எற்றிற்கு, தண்டிலுள்ள இக்கோவணத்துக்கு நிறையொத்த கோவணமே வேண்டும் என்றார். துலை நாட்டப்பட்டது. ஒரு தட்டிற் பிரமசாரியார் கோவணம். எதிர்த்தட்டில் அமர்நீதியார் அடியார்க்கென வைத்திருந்த கோவணம் அனைத்தும் இட்டார். தட்டு நேர்நில்லாதாயிற்று. துகிலும் பட்டும் பொதிபொதியாக இட்டார். பொன்னும் வெள்ளியும் பிற உலோகங்களும் குவித்தார். மணிகளைச் சொரிந்தார். ஈட்டிய பொருளெல்லாம் ஏறியும் ஒரு கோவணத்துக்கு ஈடாகவில்லை.

இறுதியில் எஞ்சியவர் அவரும் மனைவியாரும் மைந்தரும். தாமும் ஏறுதற்கு இசைவு பெற்று, துலையை வலம்வந்து, திருநீற்றன்பில் யாம் பிழைத்திலேமாயின் இத்தட்டு ஒத்து நிற்க எனக் கூறி, திருவைந்தெழுத்தை ஓதி மூவரும் ஏறினர். துலை ஒத்தது. பிரமசாரி வடிவம் மறைய, அம்மையப்பராய் விடைமேல் இறைவன் காட்சி தந்தருளினான். அத்துலையே விமானமாக அவரை மேலே கொண்டு சென்றது.

துலை ஒத்தமைக்குக் காரணம்

இவ்வரலாற்றை வியப்பு மாத்திரமாகக் கேட்டுச் செல்வார் பலர். ஆராய்வார்க்கு எழும் முதல் ஐயம் இது. மலைபோற் குவிந்த நிதிக்கு ஒவ்வாத தட்டு, மூவர் உடலின் பாரத்துக்கு மாத்திரம் ஒத்தது யாங்ஙனம்? உடற்பாரமே காரணமாயின், அப்பாரத்துக்கு மேற்பட்ட பொன்னும் இரும்பும் முன்னரே ஏறியிருந்தன அன்றோ? ஆகலின் ஆண்டு நிறுக்கப்பட்டது பாரம் அன்று என்பது தெளிவு. அநபாயன் எனப் பெயர்பெற்ற இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தவராகிய சேக்கிழார் பெருமான், இவ்விடத்து ஐயம் நிகழுமென்பதனை யுணர்ந்தே காரணங் காட்டிச் செல்கின்றார். இறைவன் அரைக் கோவணமும், அன்பிற் குறைபடாத அவ்வடியவரது அடிமைத் தொண்டும் தம்முள் ஒத்தமையாலே துலை ஒத்தது என்பது அவர் கருத்து. மூவர் ஏறினமையால் அன்று, அடிமை ஏறினமையால் ஒத்ததென்பதாயிற்று.

அடிமை என்னும் இச்சொல்லே ஈண்டு உயிர்நாடி. நம் சித்தாந்தம் பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும். பதி உடையவன். பசு அவனது உடைமை. தனு, கரண, புவன, போகங்கள் மாயையினின்றும் பசுவின் பொருட்டுப் பதியால் ஆக்கித் தரப்பட்டன. ஆயின் பசு தன்னை உடையவனாகவும், தனக்குத் தரப்பட்ட கருவிகளைத் தன் உடைமையாகவும் கருதி மயங்குகின்றது. உடல் முதலியவற்றை யான் என்பதும், அதனைச் சார்ந்த பொருள்களை எனது என்பதும் ஆகிய இவ்விருபற்றும் ஆணவ மலத்தின் வழிப்பட்டன. தானே ஒருவனது உடைமையாயிருப்பதற்கு வேறோர் உடைமை ஏது? கொத்தடிமையாக எழுதிக்கொடுக்கப்பட்டான் ஒருவன் ஈட்டிய பொருள் ஆண்டானுக்கே உரித்தாதல்போல, உயிர் ஈட்டியதெல்லாம் உயிரை உடையானுக்கே உரியது. திருவெண்ணெய்நல்லூரில் முதிய அந்தணனாய் வந்த இறைவன் ஆளோலை காட்டி நம்பியாரூரரை வழக்கிற் கொண்டபொழுது, அவர் வீட்டையும் நிலத்தையும் கேளாது அவரையே கேட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஆளைக் கொண்டால் உடைமை தானே வரும் என்பது அவ்வழக்கின் நயம்.

இனி, அமர்நீதியார் தட்டில் ஏறிய வரிசையை நோக்குக. முதலிற் கோவணம் மறைந்தது. அடுத்து, 'கோவணங் கொடுக்கும் வள்ளல்' என்னும் புகழ் பிரமசாரியின் இகழ்ச்சி மொழியால் மறைந்தது. பின்னர் நிதியெல்லாம் அவர் கையினின்றும் தட்டுக்குச் சென்றது. இவை யாவும் 'எனது' என்னும் புறப்பற்றின் பாற்படுவன. இவற்றை இட்ட காலத்தும், 'இட்டவன் யான்' என்னும் நிலை தட்டிற்கு வெளியே நின்றது. இடுவான் ஒருவன் எஞ்சி நிற்குமளவும் கொடை முற்றுப்பெறவில்லை. இட்டவனே ஏறியபொழுது இடுவானும் இடப்படுவதும் ஒன்றாயின. இடுதற்கு எஞ்சியது யாதுமில்லை. அதுவே ஒத்த நிலை. ஆகவே பொருட்கொடை தொடக்கம், தற்கொடை முடிவு. முடிவில்லாத தொடக்கம் குறைவுடையது, தொடக்கமில்லாத முடிவோ வாய்ப்பேச்சு. கொடையும் அடைக்கலமும் இரண்டல்ல. ஒரு துலைத்தட்டின் முதலிடும் நிறையும் கடையிடும் நிறையுமாம் என்று கொள்க.

மனைவியாரையும் மைந்தரையும் பொருளோடு பொருளாக இட்டது தகுமோ எனச் சிலர் கடாவுவர். அவர் இடப்பட்டிலர், மகிழ்ந்து உடன் ஏறினர் என்பதே ஆசிரியர் காட்டும் நிலை. மூவரும் அத்திருமடத்துத் தொண்டிற் பங்குடையோர். மூவரும் அடியார். ஆகலின் ஏறியது ஒருவர்தம் குடும்பச் சொத்தன்று, மூவர் ஒருமித்த அடிமைத் திறமே என்க.

தடையும் விடையும்

முதற்றடை: 'எல்லாம் இறைவனுடையதாயின், அவன் பொருளை அவனுக்கே கொடுத்தல் கொடையாகுமோ? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாகாதோ?' எனின், நன்று கடாவினாய். அப்பழமொழி பழிப்பது தேங்காய் உடைத்தலை அன்று. பிறன் காயை உடைத்துவிட்டு, 'யான் உடைத்தேன்' எனப் புண்ணியம் உரிமை பாராட்டுதலையே. காய் கடைக்காரனுடையது என அறிந்து, அவன் ஏவலால் உடைப்பவன் பழிக்கப்படான். தந்தை வாங்கித் தந்த தின்பண்டத்தில் ஒரு சிறு துண்டைக் குழந்தை தந்தையின் வாயில் ஊட்டுகின்றது. தந்தைக்கு அத்துண்டு புதுவரவன்று. பண்டம் முழுதும் அவன் பொருளே. ஆயினும் அவன் மகிழ்கின்றான். எற்றுக்கெனின், 'எனக்கே' எனப் பற்றியிருந்த பிஞ்சுக்கை விரிந்தமையால். இறைவனுக்கு நாம் தரத்தக்க புதுப்பொருள் ஒன்றுமில்லை. விரிந்த கையே அவன் வேண்டுவது. அவன் பிச்சைத்தேவனாய் ஓடேந்தி வருதலும் இக்கருத்துப் பற்றியதே. அளகை வேந்தனைத் தோழனாகக் கொண்டவன் இரந்து வருவது தன் குறை தீர்தற்கன்று, நம் பற்று ஒழிதற்கு.

இரண்டாந்தடை: 'அங்ஙனமாயின் இல்வாழ்வான் பொருளீட்டுதலை விட்டொழிக்க வேண்டுங்கொல்?' எனின், வேண்டா. அமர்நீதியார் வாணிகத்தை விட்டாரென யாண்டுங் கூறப்படவில்லை. விடவேண்டுவது உரிமையுணர்வே, தொழிலன்று. திருமடத்துக் காறுபாறு தம்பிரானை நோக்குக. ஆயிரக்கணக்கான கலநெல் அவர் கணக்கில் வரவாகும், செலவாகும். ஒரு மரக்கால் குறையினும் அவர் துயிலார். இல்வாழ்வானினும் மிக்க விழிப்போடு அவர் பொருளைக் காப்பர். ஆயினும் அதில் ஒரு நாழியும் அவருடையதன்று. பொறுப்பு முழுதும் உண்டு, உரிமை சிறிதுமில்லை. இல்லறத்தானும் தன் இல்லத்துக்கு அத்தகைய காறுபாறாக நிற்பானாயின், அவன் ஈட்டுதலும் திருத்தொண்டேயாம். சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரத்துள் அறிவுறுத்தப்பெறும் இறைபணி நிற்றல் என்பது கை முடங்கி இருத்தலன்று, தன்செயலை அவன் செயலாகக் கண்டு இயங்குதல். அங்ஙனம் நின்றார்க்கு ஆகாமியம் ஏறாது என்பது நம் ஆசிரியர் துணிபு.

மூன்றாந்தடை: 'பொருளில்லாதான் இச்செல்வத்தைப் பெறுமாறு எங்ஙனம்? வறியார்க்கு இவ்வாயில் அடைபட்டதன்றோ?' எனின், அன்று. இளையான்குடி மாறனார் செல்வம் மிக்கிருந்த நாளினும், அது மெல்ல மெல்லத் தேய்ந்த பின்னரே அவர்தம் கொடை விளங்கித் தோன்றிற்று. மழைபெய்யும் நள்ளிரவில் வந்த அடியார்க்கு, அன்று பகலில் விதைத்த முளைநெல்லை வயலினின்றும் வாரிவந்து, வீட்டுக் கூரைக் கழியை விறகாக்கி, குழியிற் படர்ந்த முற்றாக் கீரையைக் கறியாக்கி அமுது படைத்தனர் அவரும் மனைவியாரும். பொருளிலிருந்து கொடை பிறக்குமாயின், பொருள் குறையக் கொடையுங் குறைதல் வேண்டும். ஆண்டுக் குறையவில்லை. ஆகலின் கொடையின் பிறப்பிடம் களஞ்சியம் அன்று என்பது பெற்றாம். திருநின்றவூர்ப் பூசலாரோ அதனினும் ஒருபடி மேலே சென்றார். கோயில் எடுத்தற்குப் பொருள் தேடியுங் கிடையாமையின் மனத்துள்ளே கல்லும் மரமும் தேடி, நாளோரை பார்த்து, கருவறை முதல் கொடிமுடி ஈறாக எழுப்பினார். காடவர் கோமான் கச்சியிற் பெருஞ்செலவிற் கற்றளி யெடுத்துக் குடமுழுக்குக்குக் குறித்த அந்நாளையே, இறைவன் அவன் கனவிற் றோன்றி, யாம் அன்பன் ஆலயத்துப் புகும் நாள் அது, நின் நாளை மாற்றுக எனப் பணித்தருளினான். திருமூல நாயனாரும் அறத்தை எவர்க்கும் எளிதாக்கிக் காட்டுவர். இறைவனுக்குச் சிறிது இலை, பசுவுக்குச் சிறிது புல், உண்ணுங்காற் பிறர்க்குச் சிறிது சோறு, எவர்க்கும் இனிய மொழி என்னும் அளவே அவர் வேண்டுவது. இந்நான்கும் இயலாத வறியவர் உலகில் இல்லை.

புகலூரிற் கண்ட இருவர்

நான்காவது தடையொன்று உளது. அது சற்று விரிவாக ஆராயத்தக்கது. 'இறைவனுக்கு ஆட்பட்டார்க்குப் பொன் வேண்டுமோ? திருநாவுக்கரசர் பொன்னை எறிந்தனர். வன்றொண்டரோ பொன்னைக் கேட்டுப் பெற்றனர். இவருள் ஒருவர்தம் அடைக்கலம் குறைவுடைத்தாதல் வேண்டுமன்றோ?' என்பது அது.

இருவர் நிகழ்ச்சியும் திருப்புகலூரிலேயே நிகழ்ந்தமை நம் நற்பேறு. களம் ஒன்று, ஈவான் ஒருவன், பொருள் ஒன்று. ஆகலின் ஒப்பிடுதல் எளிது. அப்பர் பெருமான் அத்தலத்துத் திருமுன்றிலில் உழவாரப்பணி செய்யுங்கால், உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றின. அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒருசேர உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார். நம்பியாரூரரோ பங்குனி உத்திரத் திருவிழாவிற் பரவையார் செய்யும் செலவுக்குப் பொன் வேண்டி அத்தலத்தை அடைந்தார். திருமுன்றிலிற் செங்கற்களைத் தலையணையாக வைத்துத் துயின்றார். விழித்தபொழுது செங்கல்லெல்லாம் பொற்கல்லாயிருந்தன. பதிகம் பாடிப் பரவி, அவற்றை எடுத்துக்கொண்டு திருவாரூர்க்கு மீண்டார்.

எறிந்தவர்க்குப் பொன்மேல் வெறுப்பில்லை. வெறுப்புண்டாயின் பொன்னைத் தனியே பொறுக்கி எறிந்திருப்பர். கல்லோடு கல்லாக எறிந்தமையின் அவர்க்கு அது துப்புரவு செய்யவேண்டிய குப்பை மாத்திரமாயிற்று. பணிக்கு இடையூறாயது எதுவும் அகற்றத்தக்கது, அவ்வளவே. கொண்டவர்க்கும் பொன்மேல் விருப்பில்லை. விருப்புண்டாயின் உலகில் ஈவார் பலர்பாலும் சென்றிருப்பர். அவர் சென்றது தம்மை உடையான் ஒருவன்பாலே. கேட்டது திருவிழாவின் பொருட்டு. அடியான் ஆண்டானிடம் படி கேட்டல் இரத்தலாகாது, உரிமையாம். ஒருவர் வெறுப்பின்றி எறிந்தார், ஒருவர் விருப்பின்றிக் கொண்டார். நல்வினைப்பயன் தீவினைப்பயன் இரண்டிலும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்றலாகிய இருவினையொப்பின் இரு தோற்றங்கள் இவை. எனவே செல்வம் பொன்னை எறிதலிலும் இல்லை, கொள்ளுதலிலும் இல்லை. பொன் வந்தபொழுதும் போனபொழுதும் திருவடியினின்றும் பெயராத நிலையிலே உள்ளது.

திருவீழிமிழலையிற் பஞ்சகாலத்து இறைவன் இருபெரு மக்கட்கும் நாடோறும் படிக்காசு அருளினான். நாவரசர் பெற்ற காசு வாசியில்லாதது. திருஞானசம்பந்தர் பெற்றதோ வாசியுடையது. அதனால் அவர் திருமடத்து அமுது காலந்தாழ்த்தது. கைத்தொண்டு செய்வார்க்கு வட்டமில்லாக் காசும், மகனார்க்கு வட்டமுடைய காசும் தந்தது திருவருள். பிள்ளையார் வேண்டிப் பாடியபின் அவ்வேறுபாடும் நீங்கிற்று. மேனி வருந்தச் செய்யும் தொண்டின் பெருமையை இதனினும் விளங்கக் காட்டுவது பிறிதில்லை. பெற்ற காசு இருவர் கையிலும் ஒரு பொழுதுந் தங்கவில்லை, அடியார் பசி தீர்க்கவே சென்றது என்பதும் நினைக்கத்தக்கது.

சாவாத ஆடுகள்

இக்கொள்கை புராணத்து மாத்திரம் நிலவியதன்று. நம் நாட்டுக் கல்வெட்டுக்களில் இது நடைமுறையாக நின்றதற்குச் சான்றுண்டு. சோழர் காலத்திற் கோயிலில் நந்தாவிளக்கு ஒன்றெரிக்க 96 ஆடுகள் விடுவது பெருவழக்கு. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவ்வாடுகளைக் கல்வெட்டுக்கள் 'சாவா மூவாப் பேராடு' என வழங்கும். ஆடு சாவாதோ? மூவாதோ? ஒவ்வோராடும் மூக்கும், சாகும். ஆயினும் இறந்ததன் இடத்தை ஈன்ற குட்டி நிரப்புதலின் எண் குறையாது. கணக்கு வழக்கைக் குறித்து எழுந்த சொல்லே அது. ஆயின் அதனுள் ஒரு மெய்ப்பொருளும் உறைகின்றது. அதே ஆடுகள் உடையவன் கிடையில் நின்றபொழுது மூத்தன, செத்தன. திருவிளக்கிற்கு விடப்பட்டபின் சாவா மூவா எனப் பெயர் பெற்றன. நம்பால் நிற்கும் செல்வம் செல்வது, அவன்பால் வைத்த செல்வம் நிற்பது. இதனினும் தெளிவாக அவ்வேற்றுமையைக் காட்டுவார் யார்?

கி.பி. 1010-ஐ யொட்டி முற்றுப்பெற்ற தஞ்சைப் பெருங்கோயிலில், முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், ஏனையோர் கொடுத்தனவும் கல்லில் வெட்டுமாறு பணித்தான். பேரரசன் கொடையும் பணியாளன் கொடையும் ஒரு கோயிற் கல்லிலேயே இடம்பெற்றன. அன்றியும், அறம் எழுதிய கல்வெட்டுக்களின் இறுதியில் இருவகைத் தொடர் பயிலக் காண்கின்றோம். இவ்வறம் பன்மாகேசுரர் காவலுக்கு உரித்து என்பது ஒன்று. இதனைக் காப்பார்தம் அடி என் தலைமேலன என்பது மற்றொன்று. கொடுத்தவன் முடியுடை வேந்தனாயினும், தான் காணாத பிற்காலத்தே தன் அறத்தைக் காக்கப்போகும் யாரோ ஒருவர் திருவடியைத் தன் முடிமேற் சூடுகின்றான். பெயர் பொறித்தல் புகழ் நோக்கியதாயின் இவ்வணக்கம் பிறவாது. உரிமையை விட்டுக் காவலை வேண்டுதலே ஆண்டு நோக்கம். கொடை அடைக்கலமாக முடிதல் ஈண்டுங் காணப்படுகின்றது.

இருவகைப் புண்ணியம்

நம் சாத்திரங்கள் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் எனப் புண்ணியத்தை இருவகைப்படுத்தும். பயன் கருதி, யான் செய்தேன் என்னும் முனைப்போடு செய்யும் நல்வினை முன்னையது. அதன் பயன் இன்பமாய் வந்து நுகர்ந்தொழியும், பிறவிக்கு ஏதுவாம். தீவினை இருப்பு விலங்கெனின் நல்வினை பொன் விலங்கு என்பது இதுபற்றியே. சிவனை நோக்கிச் செய்யும் தொண்டு பின்னையது. அது ஞானத்துக்கு வாயிலாம். புறத்தே நோக்கின் இரண்டும் ஒரே செயலாகத் தோன்றும். ஒரே பந்தி, ஒரே இலை, ஒரே சோறு. படைப்பவன் அகத்தே மாத்திரம் வேற்றுமை.

அவ்வேற்றுமையை நம்மை நாமே அளந்து காண்டற்கு அமர்நீதியார் வரலாறே அளவுகோலாகின்றது. கொடுத்த பொருளை ஒருவர் நன்றி பாராட்டாது இகழ்ந்தவழி, நம் உள்ளம் கன்றுகின்றதோ? பிரமசாரி வணிகரை இகழ்ந்தபொழுது அவர் தம் பழைய கொடைகளை எடுத்துரைத்து வழக்காடவில்லை. பிழை தம்மதென்றே நடுங்கினார். இனி, நம் பெயர் விடுபட்டவழி வருந்துகின்றோமோ? இக்காலத்துத் திருக்கோயில்களில் மின்விளக்குக் குழலின்மேல் 'உபயம்' எனத் தொடங்கி ஈந்தவர் பெயரும் ஊரும் தீட்டப்பட்டு, ஒளி வரும் வழியையே மறைத்து நிற்றலைக் காண்கின்றோம். விளக்கிட்டவரே விளக்கை மறைத்தல் என்பது ஆணவத்தின் இயல்பை விளக்குதற்கு ஏற்றதோர் உவமையாய்த் தானே அமைந்துவிட்டது. அன்றியும், கொடுத்த பின் அப்பொருள் யாங்ஙனம் செலவாகின்றதென நோட்டமிட்டு ஆணை செலுத்த விழைகின்றோமோ? அறம் கெடாது காத்தல் கடமை, ஆணை செலுத்தல் உரிமை பாராட்டல். முன்னையதைப் பன்மாகேசுரர் செய்வர். பின்னையது, கொடுத்ததைப் பாதி திரும்பப் பெறுதலேயாம்.

இவ்வளவுகோல் ஈவார்க்கு மாத்திரம் உரித்தன்று. ஏற்று நடத்தும் திருமடங்களுக்கும் கோயிற் பொறுப்பாளர்க்கும் இன்னும் கடுமையாக உரித்து. மடத்தின் நிலமும் நெல்லும் அடியார் பசிக்கும், ஓதுவார் கல்விக்கும், திருமுறை வளர்ச்சிக்கும் ஆகச் சான்றோர் ஒப்புவித்தன. அவர் ஒப்புவித்தது நம்மிடம் அன்று, நம் வழியாக இறைவனிடம். பிரமசாரியார் கோவணம் அமர்நீதியார்பால் அடைக்கலமாக வைக்கப்பட்டதுபோல, இப்பொருள்கள் நம்பால் வைக்கப்பட்டன. உடையவன் வந்து கேட்கும் நாள் உண்டு. அன்று அவ்வடைக்கலப்பொருள் வைத்தவிடத்து இல்லையாயின் ஈடாக இடுதற்கு நம்பால் உள்ளது யாது? அமர்நீதியார்க்குத் திருநீற்றன்பிற் பிழையாமை இருந்தது. அதனைச் சொல்லித் துலையேறும் துணிவு நமக்கு உளதோ என ஒவ்வொருவரும் தம்முள்ளே வினவிக்கொள்ளுதல் தகும். 'சிவன் சொத்துக் குலநாசம்' என்னும் பழமொழியை அச்சுறுத்தும் மொழியாகவே கொள்ளுகின்றோம். எனதென்று பற்றிய அப்பொழுதே அடிமை என்னும் நம் குலம் அழிகின்றது என்பதே அதன் உட்பொருளெனக் கொள்ளினும் பொருந்தும்.

யார்க்குக் கொடுத்தல் என்னும் வினாவுக்கும் சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் விடை தருகின்றது. மலம் நீங்கினாரும் அன்பரோடு மருவி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகக் கண்டு வழிபடுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. திருமூலர் அவ்விரண்டனுள்ளும் அடியாராகிய நடமாடுங் கோயிலுக்கு இட்டது ஆலயத்து இறைவனுக்குச் சேரும், ஆலயத்தில் இட்டது அடியார்க்குச் சேராது எனக் கூறி முறைப்படுத்துவர். அமர்நீதியார் முன் வந்தது கோவணமுடுத்த ஓர் எளிய பிரமசாரியே. அவரை அடியாராகக் கண்டு வரவேற்றமையாலே ஆண்டவனைக் காணப்பெற்றார். இறைவனாகத் தோன்றி வந்திருப்பின் எவரும் கொடுப்பர்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவாற்றாற் கொடையும் அடைக்கலமும் வேறல்ல என்பதும், பொருளைக் கொடுத்தல் தன்னைக் கொடுத்தலிற் சென்று முடியவேண்டும் என்பதும், தன்னைக் கொடுத்தல் பொருளைக் கொடுத்தலினின்றே மெய்யாகத் தொடங்கும் என்பதும் பெறப்பட்டன. மணிவாசகப் பெருமான் கோயிற்றிருப்பதிகத்துள், தன்னைத் தந்து தம்மைக் கொண்ட இறைவனை நோக்கி, இக்கொடுக்கல் வாங்கலில் வல்லவர் யாவர் என வினவுவர். சிறுபொருளாகிய உயிரைக் கொடுத்துப் பெரும்பொருளாகிய சிவத்தைப் பெற்றவர்க்கே இலாபம் என்பது அவ்வினாவினுள்ளே கிடக்கும் விடை. வணிகராகிய அமர்நீதியார் தம் வாழ்நாளிற் செய்த வாணிகம் அனைத்தினும் இதுவே தலையாயது.

இன்னும் ஒன்று. அவர் ஏறிய துலையே அவரைச் சிவலோகத்துக்குக் கொண்டு செல்லும் விமானமாயிற்று. துலை வணிகர்தம் அன்றாடத் தொழிற்கருவி. வீடுபேற்றுக்கென வேறோர் ஊர்தி வானினின்றும் வரவில்லை. நம் ஒவ்வொருவர் கையிலும் அத்தகைய கருவி ஒன்றுளது. உழவர்க்கு ஏர், கணக்கர்க்கு ஏடு, ஆசிரியர்க்கு நூல், அடுக்களையில் நிற்பார்க்கு அகப்பை. அதனை எனதெனப் பற்றியிருக்குங்காறும் அது பாரம். அதன்மேல் நம்மையே ஏற்றிவிடின் அதுவே ஊர்தி. அவ்வாறு ஏறுதற்கு வேண்டும் அன்பினைத் திருநல்லூர்ப் பெருமான் நமக்கும் அருள்செய்வானாக.

திருச்சிற்றம்பலம்.